ஒரே மதகில் எட்டு வயல்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். சின்ன வயதில் அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போவார். "எத்தனை ஆறு தெரியுது?" என்பார். "மூணு" என்பேன். "மேட்டூரை மூடினா எத்தனை ஆறு வத்தும்?" என்பார். அதற்கும் பதில் மூணுதான். ஏழு வயதில் இதற்குச் சரியாகப் பதில் சொன்னவள், ஐம்பதைத் தாண்டிய பிறகு எட்டு கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, பணத்தைப் பிரித்துத்தானே போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன்.

என் தொழில் உரக்கடை. 27 வருடம் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். வீட்டுக்கு ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்று. 2014-ல் பங்குகளை வைத்துக்கொள்ள டிமேட் கணக்கு திறந்தேன். தெரிந்த தொழிலில்தான் பணம் போடுவேன் என்று ஒரு பிடிவாதம். அதனால் ஓர் உரக் கம்பெனி, ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி, ஒரு டிராக்டர் கம்பெனி, ஒரு பைக் கம்பெனி, டிராக்டருக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் ஒன்று, நகைக்கடன் நிறுவனம் ஒன்று, ஒரு தனியார் வங்கி, ஒரு சர்க்கரை ஆலை. 2018 ஜனவரியில் எல்லாம் சேர்ந்து 4,10,000 ரூபாய் மதிப்பு.

அந்த வருடம் செப்டம்பரில் சாலை, மின்சாரம் போன்ற பெரிய திட்டங்களுக்கு நிதி கொடுக்கும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றது. சில வாரம் முன்புவரை அதற்கு 'டிரிபிள் ஏ', அதாவது கடனை ஒழுங்காகக் கட்டும் என்பதற்கான உச்சத் தரக்குறியீடு இருந்தது. நிதி நிறுவனப் பங்குகள் எல்லாமே ஆட்டம் கண்டன. செப்டம்பர் 21 அன்று வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அது என்னிடம் இல்லை, ஆனால் என் நிதி நிறுவனங்களும் கூடவே சரிந்தன. நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் கரை கடந்து போயிருந்தது. பேராவூரணிப் பக்கம் சித்தப்பா மகனுக்குத் தென்னை மட்டும்தான் வெள்ளாமை. ஒரே இரவில் தோப்பு படுத்துவிட்டது. எனக்குக் கடன் நோட்டில் 6,40,000 ரூபாய் வரவேண்டிய பாக்கி. ஓடு பறந்துபோன வீட்டு வாசலில் நிற்பவரிடம் போய் டிஏபி உரத்துக்கான பாக்கியைக் கேட்க முடியுமா? டிசம்பரில் மொத்த வியாபாரிக்கு நான் கட்ட வேண்டிய பணம் இருந்தது. வேறு வழியில்லாமல் எட்டு பங்குகளையும் விற்றேன். கைக்கு வந்தது 2,62,000.

36 சதவீத இறக்கம். இதை ஈடுகட்டி மறுபடி 4,10,000 ஆக வேண்டுமென்றால் 36 சதவீதம் ஏறினால் போதாது, 56 சதவீதம் ஏற வேண்டும். பாதியாகக் குறைந்தது என்றால் இரண்டு மடங்காக வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கத்துக்கு நான் பயப்படுவது இந்தக் கணக்கினால்தான். இன்னொரு எரிச்சலும் உண்டு: நான் விற்ற எட்டில் மூன்று பிறகு நன்றாகவே ஏறின. விற்கக் கூடாத நேரத்தில் விற்க வேண்டிய நிலையில் என்னை நானே வைத்திருந்தேன்.

அண்ணன் மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த வருடம், "அத்தை, நானும் பங்கு வாங்கணும், எப்படிப் பிரிச்சுப் போடறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். எந்தப் பங்கை வாங்குவது என்பது இதில் இருக்காது.

மதகுக் கணக்கு

முதலில் ஒரு நோட்டு. கம்ப்யூட்டர் இருந்தால் அதில் போடுங்கள், எனக்கு நோட்டுதான் ஒத்துவருகிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரி. பெயர், இன்றைய மதிப்பு, மொத்தத்தில் எத்தனை சதவீதம். அதற்கப்புறம் ஒரு பத்தி: வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு மாதிரி, இந்தக் கம்பெனிக்குப் பணம் எந்த மதகு வழியாக வருகிறது? கூடவே இன்னொன்று: எது நின்றால் இந்தக் கம்பெனி நிற்கும்?

துறை என்று இணையதளங்கள் போடும் பெயரை மட்டும் நம்பி இதை நிரப்பக் கூடாது. என் பழைய எட்டை அப்படிப் பார்த்தால் உரம், ரசாயனம், வாகனம், நிதி, வங்கி, சர்க்கரை என்று ஆறு துறை வரும். மதகைப் பாருங்கள். டிராக்டர் ரொக்கத்துக்கு விற்பது அபூர்வம், நிதி நிறுவனம் கடன் கொடுத்தால்தான் ஷோரூமை விட்டு வெளியே வரும். பைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஆக டிராக்டர், பைக், அதற்குக் கடன் கொடுப்பவர், நகைக்கடன் கொடுப்பவர், வங்கி என்று ஐந்துக்கும் மதகு ஒன்றே: கடன் பணம் தாராளமாகப் புழங்குவது. 2018 செப்டம்பரில் அந்த மதகுதான் இறங்கியது. அடுத்த வருடம் முழுக்க வாகன விற்பனையும் படுத்திருந்தது நினைவிருக்கும்.

மிச்சம் மூன்று. பூச்சிமருந்துக்கு மழைதான் மதகு. உரமும் சர்க்கரையும் வெளியே பார்க்க விவசாயம், உள்ளே பார்த்தால் அரசாணை. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த விலையைக் கம்பெனியும் வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை. தயாரிப்புச் செலவுக்கும் இந்த விலைக்கும் நடுவில் இருப்பதை மத்திய அரசு மானியமாகக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. அதுவும் எப்போது? எங்கள் கடையில் இருக்கும் பிஓஎஸ் கருவியில் விவசாயி கைரேகை வைத்து மூட்டையை எடுத்துப்போன பிறகு. 2018-ல் இருந்து நாடு முழுக்க இந்த முறைதான். கடையில் மூட்டை தேங்கினால் கம்பெனிக்கு மானியமும் தேங்கும். மும்பையில் உட்கார்ந்து ஆராய்கிறவருக்கு இது ஆண்டறிக்கையில் ஒரு வரி, எனக்கு அது கருவிக்கு சிக்னல் கிடைக்காத ஒரு செவ்வாய்க்கிழமை. சர்க்கரையும் இப்படியே. கரும்புக்குக் குறைந்தபட்ச விலை அரசு வைப்பது, பெட்ரோலில் கலக்க ஆலைகள் எடுக்கும் எத்தனால் எவ்வளவு என்பதும் அரசு சொல்வது. 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றில் இருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு தடை போட்டதும் சர்க்கரைப் பங்குகள் சரிந்தன. அந்த ஆலைகளின் நிர்வாகம் அன்று எந்தத் தப்பும் செய்யவில்லை.

இப்படி எழுதிப் பார்த்தால் என் எட்டு கம்பெனிக்கு மதகு இரண்டு அல்லது மூன்றுதான்.

இதைவிட முக்கியமாக ஒரு வரியை நான் எழுத மறந்திருந்தேன். அந்த வரி நான். என் கடை, என் நிலம், கடன் நோட்டில் உள்ள பாக்கி எல்லாமும் என் சொத்துதான், பங்குகளைவிடப் பெரிய சொத்து. அவை முழுக்க மேட்டூர் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியவை. ஜூன் 12 அன்று அணை திறப்பது வழக்கம். 2012-ல் செப்டம்பர் வரை திறக்கவில்லை, குறுவை போனது. மேட்டூருக்குத் தண்ணீர் வருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். அதே தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கப் பொய்த்தால் டிராக்டர், உரம், பூச்சிமருந்து விற்பனையும் இறங்கும். என் கல்லா காலியாக இருக்கும் அதே மாதத்தில் என் பங்குகளும் இறங்கும்படி நானே பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். தெரிந்த தொழிலில் போடு என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் கணக்கைப் படித்தால் நமக்குப் புரியும். ஆனால் தெரிந்த தொழிலில்தான் நம் சாப்பாடும் இருக்கிறது என்றால், அங்கே கொஞ்சம் போதும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஜா புயலால் எந்த உரக் கம்பெனியும் விழவில்லை. இந்தியாவில் டெல்டா ஒரு மூலை. பங்குகள் விழுந்தது கடன் நெருக்கடியில், நான் விழுந்தது புயலில். இரண்டும் இரண்டு மாத இடைவெளியில் வந்தது தற்செயல். அந்தத் தற்செயலைத் தாங்க என்னிடம் வேறு மதகு இல்லை என்பதுதான் குற்றம்.

உங்களுக்கும் உங்கள் வரி இருக்கும். அண்ணன் மகனுக்குச் சம்பளம் தருவது மென்பொருள் கம்பெனி, அவன் வாங்க நினைத்த முதல் நான்கு பங்கும் மென்பொருள். அமெரிக்காவில் வாடிக்கையாளர் செலவைக் குறைத்தால் அவனுக்கு இன்கிரிமென்டும் போகும், பங்கும் போகும். கும்பகோணத்துக்காரர்களுக்கு 1904-ல் அங்கே தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி மேல் ஊர்ப்பாசம் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் எந்த வங்கியாக இருந்தாலும் சரி, டெபாசிட்டும் அங்கே, மகனுக்கு வேலையும் அங்கே, பங்கும் அதுவே என்றால் அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

எவ்வளவு வரை

என் அளவுகள் இவை. ஒரு கம்பெனியில் வாங்கும்போது 7 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. அந்தக் கம்பெனி பூஜ்யமானாலும் 7 ரூபாய் போகும், 93 நிற்கும். ஒரு மதகுக்கு 20 சதவீதம். என் சொந்த வருமானம் எந்த மதகில் பாய்கிறதோ அதற்கு 7 சதவீதமே உச்சம், அதாவது ஒரே ஒரு கம்பெனி. மொத்தம் 12 கம்பெனிக்கு மேல் வைப்பதில்லை. 30 கம்பெனி வைத்திருக்கும் ஒருவரைத் தெரியும். அவற்றில் பத்தின் தொழில் என்ன என்று கேட்டால் செல்போனை எடுத்துப் பார்ப்பார்.

இந்த எண்கள் வேதம் இல்லை. சம்பளம் மாதாமாதம் வருகிறவர் இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம். வெள்ளாமையை நம்பியவர் இறுக்கத்தான் வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால் அதையும் உடைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் பெரிய 50 கம்பெனிகளை வாங்கி வைக்கும் நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டில் போடும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வங்கி, நிதித் துறைக்குப் போகிறது. ஃபண்டில் 25 ரூபாய் இருந்தால் எட்டு ரூபாய்க்கு மேல் வங்கியில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக 20 ரூபாய்க்கு வங்கிப் பங்கு வாங்கினால் உங்கள் கணக்கில் வங்கி 28 ஆகிவிடும்.

வேறு மதகு என்றால் பாதுகாப்பான மதகு என்று அர்த்தம் இல்லை. 2022-ல் மென்பொருள் கம்பெனிகளின் நிஃப்டி ஐடி குறியீடு கால் பங்குக்கு மேல் இறங்கியது. அதே வருடம் பொதுத்துறை வங்கிக் குறியீடு ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியது. இரண்டில் எது ஏறும் என்று 2021 டிசம்பரில் என்னிடம் கேட்டிருந்தால் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். இரண்டையும் வைத்திருந்ததால் தூக்கம் வந்தது. மருந்துக் கம்பெனிகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர் ஒரு மதகு, உலோகக் கம்பெனிகளுக்குச் சீனா ஒரு மதகு. பிஸ்கட், சோப்பு கம்பெனிக்குக் கிராமத்து வருமானம் மதகுதான், ஆனால் மேட்டூரை மூடினால் பீகாரில் பிஸ்கட் விற்பது நிற்காது.

கல்லாவில் பணம் இருக்கிறதா

பிரித்துப் போட்டால் மட்டும் ஆயிற்றா? உளுத்த விதையை ஒன்பது வயலில் தெளித்தாலும் முளைக்காது. கம்பெனியின் கணக்கைப் படிக்க வேண்டும். அதற்குச் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் ஆக வேண்டியதில்லை, கடன் நோட்டு எழுதிப் பழகியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

என் கடையில் 2009 சம்பாவில் நடந்தது இது. விற்பனை அதுவரை இல்லாத அளவு. வருடக் கணக்கு முடித்த ஆடிட்டர், நல்ல லாபம் என்று சொல்லி வரி கட்டச் சொன்னார். கல்லாவைத் திறந்தால் வரி கட்டவே பணம் இல்லை. "அக்கா, அறுப்பு முடிஞ்சதும் குடுத்துடறேன்" என்று எடுத்துப்போன மூட்டைகள் எல்லாம் விற்பனை என்று கணக்கில் ஏறியிருந்தன. லாபம் பேரேட்டில் இருந்தது, பணம் ஊரில் இருந்தது. நான் கம்பெனிக் கணக்கைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதனால் லாபத்தை அல்ல.

ஆண்டறிக்கையில் பணவரத்து அறிக்கை என்று ஒன்று இருக்கும். அதில் செயல்பாட்டில் இருந்து வந்த பணம் என்ற வரியை ஐந்து வருடத்துக்குக் கூட்டுங்கள். அதே ஐந்து வருட நிகர லாபத்தையும் கூட்டுங்கள். லாபம் 100 என்றால் வந்த பணம் 80-ஆவது இருக்க வேண்டும். ஒரு வருடம் குறைந்தால் மன்னிக்கலாம், எனக்கும் குறைந்ததுதானே. ஐந்து வருடமும் லாபம் ஏறிக்கொண்டே போய்ப் பணம் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கம்பெனி என்னிடம் நுழையாது.

அப்புறம் பாக்கி நாள். வரவேண்டிய பாக்கியை வருட விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், சரக்கு போய் எத்தனை நாள் கழித்துப் பணம் வருகிறது என்று தெரியும். ஒரு கம்பெனி 1,000 கோடிக்கு விற்று 150 கோடி பாக்கி வைத்திருந்தால் 55 நாள். ஐந்து வருடம் கழித்து 1,600 கோடிக்கு விற்று 480 கோடி பாக்கி என்றால் 110 நாள். விற்பனை 60 சதவீதம் வளர்ந்தது என்று டிவியில் பாராட்டுவார்கள். கடன் கொடுத்து மூட்டையைத் தள்ளிவிடுகிறார்கள் என்று உரக்கடைக்காரிக்குப் புரிந்துவிடும். அந்தந்தத் தொழிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிஸ்கட் கம்பெனிக்குப் பத்துப் பதினைந்து நாள், கட்டுமான ஒப்பந்தக் கம்பெனிக்கு மாதக்கணக்கு. அதனால் அதே துறையில் இன்னொரு கம்பெனியோடும், அதே கம்பெனியின் பழைய வருடத்தோடும் ஒப்பிட வேண்டும்.

கடனுக்கு வருவோம். பங்கு மூலதனமும் சேர்த்துவைத்த லாபமும் 100 என்றால் கடன் 50-க்குள் இருக்கட்டும் என்பது உற்பத்திக் கம்பெனிகளுக்கு என் அளவு. மின்சாரம், சாலை போன்றவற்றுக்கு இது பொருந்தாது, அங்கே கடன் இல்லாமல் தொழில் இல்லை. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், கட்ட வேண்டிய வட்டியைப்போல் நான்கு மடங்காவது இருக்கிறதா என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் கேள்வி. ஒன்றரை மடங்குதான் இருக்கிறது என்றால், ஒரு பருவம் தவறினால் வட்டி கட்டவே கடன் வாங்குவார்கள். அந்தக் கதை நம் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

புரோமோட்டர்கள், அதாவது கம்பெனியைத் தொடங்கி நடத்தும் முதலாளிகள், தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குதாரர் விவரத்தைக் கம்பெனி பங்குச்சந்தைக்குக் கொடுக்க வேண்டும். என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் யாரும் பார்க்கலாம். இது நகைக்கடன் மாதிரிதான். தங்கம் விலை இறங்கி வட்டியும் கட்டவில்லை என்றால் ஏலம் போடுவார்கள். பங்கு விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் அடகுப் பங்கைச் சந்தையில் விற்பார், அதனால் விலை இன்னும் இறங்கும், இன்னும் விற்பார். 10 சதவீதத்துக்கு மேல் அடகு இருந்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆடிட்டர் பாதியில் விலகியிருந்தால் காரணம் கேட்காமலேயே வெளியே வந்துவிடுவேன். கொஞ்சம் முரட்டுத்தனம்தான்.

இவ்வளவு பார்த்தாலும் ஏமாற வாய்ப்பு உண்டு. சத்யம் என்ற மென்பொருள் கம்பெனி கணக்கில் 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பு என்று காட்டியிருந்தது; அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதன் தலைவரே 2009 ஜனவரி 7 அன்று கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கு முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. கணக்கையே பொய்யாக எழுதுகிறவரிடம் என் சூத்திரங்கள் செல்லாது. ஒரு கம்பெனிக்கு 7 சதவீதம் என்ற வரப்பு அதற்காகத்தான்.

வங்கிக்கு வேறு கண்ணாடி

மேலே சொன்ன பணவரத்து, கடன் விகிதம் எல்லாம் வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பொருந்தாது. கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே அவர்கள் தொழில். அங்கே மூன்று பார்க்கிறேன்: மொத்த வாராக்கடன், நஷ்டத்துக்கென ஒதுக்கிய பணம் போக மிஞ்சும் நிகர வாராக்கடன், கொடுத்த கடன்களுக்கு எதிரே வங்கியின் சொந்த மூலதனம் எத்தனை சதவீதம் என்று காட்டும் மூலதனப் போதுமை விகிதம். வங்கிகளுக்கு இந்தக் கடைசி எண் குறைந்தது 9 சதவீதம், அதன்மேல் கூடுதல் காப்பு 2.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

காவிரிக்கரையிலேயே பாடம் இருக்கிறது. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியைத் தெரியாதவர் இந்தப் பக்கம் குறைவு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை, பலவீனமான வங்கிகளுக்குக் கட்டுப்பாடு போடும் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் கொடுத்த கடன் நூறு ரூபாயில் 25 ரூபாய் வாராக்கடன், மூலதனப் போதுமை இரண்டு சதவீதம்கூட இல்லை. 2020 நவம்பர் 17 அன்று டெபாசிட்தாரர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை, பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு. டெபாசிட் முழுதாகக் காப்பாற்றப்பட்டது. பங்கு மூலதனம் அப்படியே பூஜ்யமாக எழுதித் தள்ளப்பட்டது. விலை மலிவாக இருக்கிறதே, பழைய வங்கிதானே என்று கடைசி வருடத்தில் வாங்கியவர்களுக்கும் அதே பூஜ்யம். எண்கள் ஒரு வருடத்துக்கு முன்பே பொதுவெளியில் இருந்தன.

எல்லா மதகும் மூடும் நாள்

2020 மார்ச் 23. நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் இறங்கியது. ஜனவரியில் 12,300-க்கு மேல் முடிந்த குறியீடு அன்று 7,610-ல் நின்றது. மருந்தும் சோப்பும்கூட அன்று இறங்கின. அப்படிப்பட்ட நாளில் எத்தனை மதகாகப் பிரித்தீர்கள் என்பது உதவாது, மேட்டூரே மூடிவிட்டது என்று அர்த்தம். அன்று விற்காமல் இருக்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். 2018-ல் விற்ற நான் 2020-ல் விற்கவில்லை. என் துணிச்சல் கூடியதால் இல்லை. இரண்டு போகச் செலவு வங்கியில் இருந்தது.

முன்பெல்லாம் வீட்டில் பத்தாயம் இருக்கும். விதைநெல்லை எடுத்து வைத்த பிறகுதான் விற்பனைக்கு அளப்பார்கள். அதே முறைதான். ஒரு மாவுக்குச் சம்பாச் செலவு எனக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம் ஆகிறது, ஒன்பது மாவுக்கு 90,000. இரண்டு போகத்துக்கு 1,80,000. அதோடு மொத்த வியாபாரிக்கு ஒரு தவணை, வீட்டுச் செலவு ஆறு மாதம். இது பங்குச்சந்தைக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் ஒரு ரூபாயும் பங்காக மாறாது. எங்கே வைப்பது? வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரிக்கு முன்பு அது ஒரு லட்சமாக இருந்தது. கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பலர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

கடன் வாங்கிப் பங்கு வாங்குவது, நகையை வைத்துப் பங்கு வாங்குவது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. எதிர்காலச் சந்தை வணிகம் பற்றியும்.

வருடத்துக்கு இரண்டு நாள்

விலையைத் தினம் பார்ப்பதை விட்டுவிட்டேன். நோட்டைத் திறப்பது ஆடிப்பெருக்கு வாரத்திலும் தை அறுப்பு முடிந்த பிறகும். இதில் சாஸ்திரம் ஒன்றும் இல்லை, வசதிதான். மார்ச்சில் முடிந்த வருடத்தின் ஆண்டறிக்கைகள் ஜூலை, ஆகஸ்டில்தான் கைக்கு வரும். ஆடியில் கடையில் வியாபாரமும் சற்று ஓய்ந்திருக்கும், நான்கு நாள் உட்கார்ந்து படிக்கலாம். டிசம்பர் காலாண்டு முடிவுகள் பிப்ரவரி 14-க்குள் வந்துவிடும், அறுப்புப் பணமும் அப்போதுதான் வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பணம் ஏறுவதற்குக் காத்திருக்கும் நாட்களில் இதைப் பார்க்கலாம்.

அளவு தாண்டிய மதகை உடனே வெட்டுவதில்லை. முதலில் புதுப் பணத்தைக் குறைவாக உள்ள மதகுக்குத் திருப்புகிறேன். விற்றால் வரி இருக்கிறது. 2024 ஜூலை 23-க்குப் பிறகு, வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஒரு வருடம் தாண்டினால் வருடத்துக்கு 1,25,000 ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். புதுப் பணத்தால் சரியாகவில்லை என்றால் இந்த விலக்குக்குள் வரும் அளவு மட்டும் விற்கிறேன். விலை இறங்கியது என்பதற்காக விற்பதில்லை. வாங்கிய அன்று நோட்டில் எழுதிய காரணம் பொய்யாகிவிட்டால், பணவரத்து நின்றாலோ அடகு முளைத்தாலோ, நஷ்டத்திலும் விற்றுவிடுகிறேன். அதனால் காரணத்தை வாங்கும் அன்றே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனசு நமக்குச் சாதகமாக மாற்றி எழுதும்.

இந்தத் தையில் என் நோட்டு இப்படி இருக்கிறது: நிஃப்டி ஃபண்ட் 25, வங்கி இரண்டு 12, மென்பொருள் இரண்டு 14, மருந்து இரண்டு 14, சோப்பு பிஸ்கட் வகை இரண்டு 13, மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பெனி ஒன்று 7, சிமென்ட் ஒன்று 6, டிராக்டர் ஒன்று 9. ஃபண்டுக்குள் இருக்கும் வங்கியைச் சேர்த்தால் வங்கி மதகு 20-ஐத் தொட்டுவிட்டது, அங்கே இனி ஒரு ரூபாயும் போகாது. டிராக்டர் 7-க்கு மேல் போகக் கூடாது என்று எழுதியவளும் நான்தான். விலை ஏறி 9 ஆகி நிற்கிறது, ஆசை விடவில்லை. ஆடி 18-க்குள் இரண்டு சதவீதத்தை விற்கவேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். மகனோ அதே கம்பெனி டிராக்டருக்குத் தவணை எவ்வளவு வரும் என்று மன்னார்குடி ஷோரூமில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறான்.